ஆறாம் வகுப்புக்கும் பி.எஸ்சி.க்கும் ஒரே ஆள் இயற்பியல் நடத்துவது எப்படி?

கன்னியாகுமரி மாவட்டம் தக்கலைப் பக்கம் பள்ளி ஒன்றில் வேலை பார்க்கும் எம்.எஸ்சி. பட்டதாரி ஒருவர் கேட்டிருக்கிறார். காலையில் ஆறாம், ஏழாம் வகுப்பு அறிவியல், மதியம் ப்ளஸ் ஒன், ப்ளஸ் டூ இயற்பியல், சாயங்காலம் வீட்டில் பி.எஸ்சி. பிள்ளைகளுக்கு ட்யூஷன். இப்படி ஒரே நாளில் ஏறி இறங்கி நடத்தும்போது சின்ன வகுப்புக்கு எவ்வளவு குறைத்துச் சொல்ல வேண்டும், வானியலை எங்கே நுழைப்பது, பள்ளிக்கு டெலஸ்கோப் வாங்கச் சொல்லலாமா என்று மூன்று கேள்விகள். மூன்றுக்கும் அடியில் இருப்பது ஒன்றுதான் என்று எனக்குப் படுகிறது: கல்லூரிப் பாடத்தில் தண்ணீர் ஊற்றி நீர்மோர் ஆக்கினால் அது ஆறாம் வகுப்புப் பாடம் ஆகிவிடுமா?

ஆகாது. நான் இயற்பியலில் ஆய்வு முடித்து இந்த மாவட்டத்துக் கல்லூரி ஒன்றில் பல வருடங்கள் நடத்தியவன், விடுமுறை நாட்களில் பள்ளிகளுக்கும் கடற்கரை ஊர்களுக்கும் வானம் காட்டப் போகிறவன். அந்த அனுபவத்தில் சொல்கிறேன். வகுப்புக்கு வகுப்பு மாற வேண்டியது பாடத்தின் அளவு இல்லை, பிள்ளை தானே எதை வைத்துச் சரிபார்க்க முடியும் என்பதுதான். ஆறாம் வகுப்புப் பிள்ளை கண்ணையும் கையையும் வைத்துச் சரிபார்க்கும், பத்தாம் வகுப்பு அளவுகோலும் கடிகாரமும் வைத்து, ப்ளஸ் ஒன் சூத்திரம் வைத்து, பி.எஸ்சி. பிழைக் கணக்கு வைத்து. ஆனால் எல்லா வகுப்புக்கும் பொதுவான ஒரு பழக்கம் உண்டு: எதைக் காட்டுவதாக இருந்தாலும் காட்டுவதற்கு முன்னால் என்ன நடக்கும் என்று பிள்ளையைச் சொல்ல வையுங்கள், முடிந்தால் நோட்டில் எழுத வையுங்கள். எழுதின பிறகு காட்டுங்கள்.

சின்ன வகுப்பிலிருந்து தொடங்குகிறேன், ஏனென்றால் அங்கேதான் பாடப்புத்தகமும் நம் ஊர் வானமும் முட்டிக்கொள்கின்றன. பிறை நிலாவைப் படம் போடச் சொன்னால் எல்லாப் பிள்ளைகளும் நிமிர்ந்து நிற்கும் பிறையைத்தான் போடுவார்கள், புத்தகத்தில் அப்படித்தான் இருக்கிறது. அப்புறம் மாசி, பங்குனி மாதத்தில் மூன்றாம் பிறையன்று மேற்கே பார்க்கச் சொல்லுங்கள். முட்டம் பக்கத்துப் பையன் ஒருவன் மறுநாள் வந்து, "சார், படத்துல நிக்குது, இங்க வள்ளம் மாதிரில்லா மல்லாந்து கிடக்கு" என்றான். அவன் பார்த்தது மிகச் சரி. நாம் இருப்பது 8 டிகிரி வடக்கு அட்சத்தில், அதனால் அந்த மாதங்களில் சூரியனும் நிலாவும் போகும் பாதை மேற்கு அடிவானத்துக்குக் கிட்டத்தட்டச் செங்குத்தாக இறங்கும். சூரியன் நிலாவுக்கு நேர் கீழே இருக்கும், ஆகவே கீழ்ப்பக்கம் வெளிச்சம். செப்டம்பர் பக்கம் பார்த்தால் அதே பிறை சுமார் 30 டிகிரி சாய்ந்திருக்கும். நிமிர்ந்த பிறை வடக்கே ஐரோப்பா பக்கம் இருப்பவர்களுக்குப் பழக்கமான பிறை. ஆறாம் வகுப்பில் அட்சரேகைக் கணக்கு வேண்டாம், "வெளிச்சம் இருக்கும் பக்கம்தான் சூரியன் இருக்கும் பக்கம்" என்ற ஒன்றைப் பிள்ளை தானே கண்டுபிடித்தால் போதும். பூமியின் நிழல் விழுவதால்தான் பிறை உண்டாகிறது என்ற தவறான எண்ணம், கல்லூரிக்கு வரும் பிள்ளைகளிடம்கூட நான் திரும்பத் திரும்பக் கண்டது, இங்கேயே உடைந்துவிடும். இருட்டறையில் ஒரு பல்பு, கையில் ஒரு ரப்பர் பந்து, பந்தைத் தலைக்குச் சற்று மேலே பிடித்துக்கொண்டு தன்னையே சுற்றச் சொல்லுங்கள். அமாவாசை, பிறை, பாதி, பௌர்ணமி எல்லாம் பந்தில் வந்துவிடும், எங்கேயும் தன் தலையின் நிழல் பந்தில் விழவில்லை என்பதையும் பிள்ளையே பார்த்துவிடும்.

துருவ நட்சத்திரமும் இப்படித்தான். அதைப் பார்த்துவிட்டு வா என்று வீட்டுப்பாடம் கொடுக்காதீர்கள். நம் ஊரில் அது அடிவானத்துக்கு மேலே வெறும் 8 டிகிரி உயரத்தில்தான் இருக்கும், கையை நீட்டி முஷ்டி பிடித்தால் சுமார் 10 டிகிரி, அந்த முஷ்டி அளவுகூட இல்லை. வடக்கே மலை, மரம், மூட்டம். பெரும்பாலான பிள்ளைகளால் பார்க்க முடியாது, பார்க்க முடியாத பிள்ளை தன் கண்ணில்தான் கோளாறு என்று நினைத்துக்கொள்ளும். அதற்குப் பதிலாக மே மாத நடுவில் இரவு 9 மணியை ஒட்டித் தெற்கே கடலைப் பார்த்து நிற்க வையுங்கள். தென் சிலுவை அடிவானத்திலிருந்து 22 டிகிரி, இரண்டு முஷ்டிக்குச் சற்று மேலே, சிறிய சிலுவையாக நிற்கும். அதற்கு இடப்பக்கம் ஆல்பா சென்டாரி, வெறும் கண்ணுக்குத் தெரியும் இரவு விண்மீன்களில் நமக்கு மிக அருகில் இருப்பது, சுமார் 4.3 ஒளியாண்டு தூரம். டெல்லியில் இருக்கும் பிள்ளைக்கு இந்தக் காட்சி கிடைப்பது மிகவும் கடினம். நம் பிள்ளைகளுக்குக் கிடைத்திருக்கிற வானம் இது, அதைப் பாடத்தில் சேர்க்காமல் விடுவது எனக்கு உண்மையிலேயே வருத்தமாக இருக்கிறது.

பௌர்ணமி விஷயத்துக்கு வருகிறேன். சித்ரா பௌர்ணமியன்று கன்னியாகுமரியில் ஒரு பக்கம் சூரியன் மறைய, மறுபக்கம் நிலா எழும் என்பது நம் மாவட்டத்தில் எல்லோருக்கும் தெரியும். ஏழாம் வகுப்பில் இப்படிக் கேளுங்கள்: மற்ற பௌர்ணமிகளில் நிலா எப்போது எழும்? அதே நாள் மதுரையில்? முதலில் பிள்ளைகள் விழிப்பார்கள். பௌர்ணமி என்றாலே சூரியனும் நிலாவும் பூமிக்கு எதிரெதிர்ப் பக்கம் என்று பந்து வைத்துப் பார்த்த பிள்ளை, எல்லாப் பௌர்ணமியும் எல்லா ஊரிலும் இப்படித்தான், நேரம் கொஞ்சம் முன்பின் இருக்கும் என்று தானாகச் சொல்லிவிடும். குமரியின் சிறப்பு, கிழக்கிலும் மேற்கிலும் அடிவானத்தை மறைக்க எதுவும் இல்லாத கடல். அப்புறம் ஒரு வாரம் நிலா எழும் நேரத்தைக் குறித்து வரச் சொல்லுங்கள், ஒவ்வொரு நாளும் சுமார் 50 நிமிடம் தள்ளிப் போவது தெரியும். வகுப்புக்கு ஒரு பைசா செலவில்லை.

ஒன்பது, பத்தாம் வகுப்புக்கு நிழல். ஒரு குச்சியைச் செங்குத்தாக நட்டு நிழல் மிகக் குட்டையாகும் நேரத்தைக் குறிக்க வையுங்கள். 12 மணிக்கு என்று எல்லோரும் முன்கூட்டி எழுதியிருப்பார்கள், ஆனால் ஏப்ரலில் அளந்தால் 12.20-ஐ ஒட்டி வரும். இந்திய நேரம் 82.5 டிகிரி தீர்க்கரேகையை வைத்து, நாம் இருப்பது 77.5 டிகிரியில், வித்தியாசம் 5 டிகிரி, டிகிரிக்கு 4 நிமிடம் வீதம் 20 நிமிடம். கடிகாரம் காட்டுவதும் சூரியன் காட்டுவதும் வேறு என்பதை இதைவிடச் சுலபமாக யாராலும் சொல்லிக்கொடுக்க முடியாது. ஏப்ரல் 10, 11 தேதிகளை ஒட்டியும் செப்டம்பர் 1-ஐ ஒட்டியும் சூரியன் நேர் உச்சியில் வரும், குச்சிக்கு நிழலே இருக்காது. ஏப்ரல் தேதி பரீட்சைக் காலத்தில் மாட்டிக்கொள்ளும், செப்டம்பரில் மேகம் இருக்கலாம், ஆனாலும் முயற்சி செய்யுங்கள்.

இதோடு சேர்த்துக் கன்னியாகுமரி காந்தி மண்டபத்தையும் எடுத்துக்கொள்ளுங்கள். காந்தியின் அஸ்தி வைக்கப்பட்ட இடத்தில் 1956-ல் கட்டி முடித்த மண்டபம், அக்டோபர் 2 நடுப்பகலில் கூரைத் துளை வழியாகச் சூரிய ஒளி அந்த இடத்தில் விழும்படி அமைத்தார்கள். நம் பிள்ளைகள் எல்லோரும் பார்த்திருப்பார்கள், அல்லது கேள்விப்பட்டிருப்பார்கள். கேள்வி இது: வருடத்தில் வேறு எந்த நாளில் அப்படி விழும்? "வேறு நாளே கிடையாது" என்பதுதான் பெரும்பாலும் வரும் பதில். அக்டோபர் 2 அன்று சூரியன் வான நடுக்கோட்டுக்கு (பூமத்திய ரேகைக்கு நேர் மேலே வானத்தில் போகும் கோடு) தெற்கே சுமார் 3½ டிகிரியில் தெற்கு நோக்கிப் போய்க்கொண்டிருக்கும், மார்ச் 11-ஐ ஒட்டி அதே 3½ டிகிரியை வடக்கு நோக்கித் திரும்பும் வழியில் கடக்கும். இரண்டு நாளும் நடுப்பகலில் உச்சியிலிருந்து தெற்கே 11½ டிகிரி தள்ளி ஒரே இடத்தில் நிற்கும். ஆகவே மார்ச்சிலும் ஒளி வர வேண்டும். பத்தாம் வகுப்புக்கு இது போதும். நன்றாகப் படிக்கும் பிள்ளை இருந்தால் அடுத்த படி: சூரிய நடுப்பகல் அக்டோபர் 2 அன்று கடிகாரத்தில் 12.10 வாக்கில், மார்ச் 11 அன்று 12.30 வாக்கில். ஒரே ஊர், ஒரே உயரம், 20 நிமிட வித்தியாசம் எப்படி? பூமியின் பாதை நீள்வட்டம் என்பதும் அச்சு சாய்ந்திருப்பதும் சேர்ந்து செய்யும் வேலை அது. அந்தக் கேள்வியை ப்ளஸ் ஒன் வரைக்கும் தொங்க விட்டாலும் தப்பில்லை.

ப்ளஸ் ஒன், ப்ளஸ் டூவில் நீட் என்ற நெருக்கடி இருக்கிறது, அதை நான் மறுக்கவில்லை. ஆனாலும் ஈர்ப்பியல் பாடத்தில் ஒரு பீரியட், ஒரே ஒரு பீரியட், நிலாக் கணக்குக்கு ஒதுக்குங்கள். தேங்காய் விழும் முடுக்கம் 9.8 மீட்டர்/நொடி². நிலா பூமியின் மையத்திலிருந்து பூமியின் ஆரத்தைப் போல 60 மடங்கு தூரத்தில் இருக்கிறது. விசை தூரத்தின் இருமடிக்கு எதிர்விகிதம் என்றால் நிலாவின் முடுக்கம் என்னவாக இருக்க வேண்டும்? 9.8-ஐ 3600-ஆல் வகுத்தால் 0.0027. அதை நோட்டில் எழுதிக் கோடு போட்ட பிறகு, தனியாக வேறு வழியில் கணக்குப் போடச் சொல்லுங்கள்: தூரம் 3,84,000 கிலோமீட்டர், சுற்றும் காலம் 27.3 நாள், அப்படியானால் வேகம் நொடிக்கு சுமார் 1.02 கிலோமீட்டர், வேகத்தின் இருமடியைத் தூரத்தால் வகுத்தால் மீண்டும் அதே 0.0027. இரண்டு வழியிலும் ஒரே எண் வரும்போது வகுப்பில் ஒரு சத்தம் எழும், அதைக் கேட்டால்தான் தெரியும். நியூட்டன் போட்ட கணக்கின் சாரம் இதுதான், அதை நாகர்கோவிலில் ஒரு பதினாறு வயதுப் பிள்ளை பத்து நிமிடத்தில் போட்டுவிட முடிகிறது. இஸ்ரோ தலைவராக இருந்த கே. சிவனும் 2025-ல் பொறுப்பேற்ற வி. நாராயணனும் இந்த மாவட்டத்துக்காரர்கள் என்பதால் ராக்கெட் ஆசை நம் பிள்ளைகளிடம் நிறைய உண்டு. அந்த ஆசைக்குத் தீனி இந்தக் கணக்கில்தான் இருக்கிறது, போஸ்டரில் இல்லை.

கல்லூரிக்கு வந்தால் சிக்கல் வேறு மாதிரி. பி.எஸ்சி. பிள்ளைகளுக்குச் சூத்திரம் தெரியும், ஆனால் அளவீட்டை நம்பத் தெரியாது. ஊசல் சோதனையில் புவியீர்ப்பு முடுக்கம் (ஜி) 9.6 வந்தால் ரெக்கார்டு நோட்டில் 9.8 ஆக்கிவிடுவார்கள், மார்க் போய்விடும் என்ற பயம். இந்தப் பயத்தை நாம்தான் உண்டாக்குகிறோம், நாம்தான் போக்க வேண்டும். ட்யூஷனில் இதை ஒரு மாலை முழுக்கச் செய்யுங்கள்: 1 மீட்டர் நூல், 20 அலைவு, சுமார் 40 நொடி. ஸ்டாப்வாட்சை அழுத்துவதில் 0.2 நொடி தடுமாற்றம் என்று வையுங்கள், அது அரை சதவீதம். காலம் இருமடியாக வருவதால் ஜி மதிப்பில் ஒரு சதவீதம், அதாவது கூட்டியோ குறைத்தோ 0.1. நம் ஊரின் உண்மையான மதிப்பு 9.78, புத்தகத்தில் 9.8. இந்த ஊசலை வைத்து இரண்டையும் பிரித்தறியவே முடியாது! 9.7 எழுதின பிள்ளையும் 9.8 எழுதின பிள்ளையும் ஒரே பதிலைத்தான் எழுதியிருக்கிறார்கள். 9.6 வந்தால் மட்டும் நூலின் நீளத்தை எங்கிருந்து அளந்தாய் என்று கேட்க வேண்டும், குண்டின் மையம் வரை அளந்தாயா, கொக்கியோடு நிறுத்தினாயா. இப்படிக் கேட்கப்பட்ட பிள்ளை அடுத்த சோதனையில் எண்ணைத் திருத்த மாட்டாள், எங்கே தவறியது என்று தேடுவாள். கல்லூரியில் கைகர் எண்ணி (கதிரியக்கத்தை எண்ணும் கருவி) இருந்தால் மணவாளக்குறிச்சிக் கடற்கரைக்கு ஒருநாள் கொண்டு போய் வாருங்கள். அந்தக் கறுப்பு மணலில் மோனசைட் என்ற கனிமம் இருக்கிறது, அதில் கதிரியக்கமுள்ள தோரியம். ஒரே இடத்தில் ஒரு நிமிட எண்ணிக்கையைத் திரும்பத் திரும்ப எடுத்தால் ஒவ்வொரு முறையும் வேறு எண் வரும். கருவி கெட்டுவிட்டது என்பார்கள். 100 வந்தால் அதன் வர்க்கமூலமான 10 அளவுக்கு ஏறி இறங்குவது இயல்பு, 400 வந்தால் 20 என்று அங்கேயே நின்று காட்டிவிடலாம்.

கடல் ஏற்ற இறக்கமும் பி.எஸ்சி.க்குத்தான் சரியான இடம், பள்ளியில் "நிலா இழுக்கிறது" என்பதோடு நின்றுவிடுகிறது. அமாவாசை, பௌர்ணமியை ஒட்டிக் கடல் நீர்மட்டம் தாழ்ந்து விவேகானந்தர் பாறைக்குப் படகு நிறுத்தம் என்று செய்தி வருமல்லவா, அதை எடுத்துக்கொண்டு கேளுங்கள்: சூரியன் பூமியை இழுக்கும் விசை நிலா இழுப்பதைப் போல சுமார் 180 மடங்கு, பிறகு ஏன் கடலில் நிலாவின் கை ஓங்குகிறது? பூமியின் இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் உணரும் இழுப்பின் வித்தியாசம்தான் வேலை செய்கிறது, அது தூரத்தின் மும்மடிக்கு எதிர்விகிதம், கணக்குப் போட்டால் சூரியனின் பங்கு நிலாவினுடையதில் பாதிக்கும் சற்றுக் குறைவு. இது உறுதி. ஆனால் ஒரு குறிப்பிட்ட நாளில் படகு நின்றதற்கு நிலா மட்டும்தான் காரணமா என்றால் அப்படிச் சொல்ல மாட்டேன். குமரியில் ஏற்ற இறக்கம் ஒரு மீட்டருக்கும் குறைவுதான், காற்றும் தூரத்திலிருந்து வரும் பேரலையும் அதைச் சுலபமாக மாற்றிவிடும். இந்த இரண்டையும் பிரித்துச் சொல்லப் பிள்ளைகளைப் பழக்குங்கள்.

இப்போது நான் மேலே சொன்னதில் எது கெட்டி, எது என் அபிப்பிராயம் என்று பார்க்க வேண்டும். வானத்து எண்கள் எல்லாம் யாரும் சரிபார்க்கக் கூடியவை. "முன்கூட்டிச் சொல்ல வை" என்பதற்கும் ஆதாரம் உண்டு: ஹார்வர்டில் எரிக் மசூரின் குழு 2004-ல் வெளியிட்ட ஆய்வில், சோதனையைச் சும்மா பார்த்த மாணவர்களுக்கும் பார்க்காதவர்களுக்கும் புரிதலில் பெரிய வித்தியாசம் இல்லை, பார்ப்பதற்கு முன் என்ன நடக்கும் என்று சொன்னவர்கள் தெளிவாக மேலே இருந்தார்கள். அது கல்லூரி மாணவர்களை வைத்துச் செய்தது. ஆறாம் வகுப்புக்கும் அது பொருந்துகிறது என்பது நான் நேரில் கண்டதை வைத்துச் சொல்வது, நான் முறையாக அளந்தது கிடையாது. நிலாக் கணக்குக்கு ஒதுக்கிய பீரியட் நீட் மார்க்கைக் கூட்டுமா என்றால், கூட்டும் என்று வாக்குத் தர மாட்டேன். ஐந்தாம் வகுப்புக்குக் கீழே நான் நடத்தியதில்லை, அதை நடத்தும் டீச்சர்களிடம்தான் கேட்க வேண்டும். அப்புறம், பெற்றோர் ஜாதகம் பற்றிக் கேட்பார்கள். சண்டை போடாதீர்கள். சமப் பகலிரவு மார்ச் 20, 21-ல் வருகிறது, சித்திரை ஒன்று ஏப்ரல் 14-ல் வருகிறது, இடையில் ஏன் இந்த 24 நாள் என்று திருப்பிக் கேளுங்கள். அந்த இடைவெளிக்குக் காரணமான, பூமியின் அச்சு சுமார் 26,000 ஆண்டுக்கு ஒருமுறை மெல்லச் சுழலும் கதையை அவர்களே ஆர்வமாக உட்கார்ந்து கேட்பார்கள்.

டெலஸ்கோப் விஷயம். முதல் வருடம் வாங்க வேண்டாம். 10x50 பைனாகுலர் ஒன்று போதும், சுவரில் கையை ஊன்றிப் பிடித்தால் வியாழனின் நிலாக்கள் தெரியும், கார்த்திகைக் கூட்டம் அள்ளிக் கொட்டியது போல் தெரியும், நிலாவின் பள்ளங்கள் தெரியும். நம் ஊரில் இரண்டு பருவமழையும் வருவதால் தெளிவான இரவுகள் ஜனவரி முதல் ஏப்ரல் வரைதான் நிறையக் கிடைக்கும், அதற்குள் பைனாகுலரைப் பிள்ளைகள் எவ்வளவு தடவை கேட்டு வாங்குகிறார்கள் என்று பாருங்கள். விடாமல் கேட்டால் அடுத்த வருடம் 70 மில்லிமீட்டர் அளவில் சாதாரண டெலஸ்கோப் ஒன்று, சனியின் வளையத்துக்கு அது போதும். கடையில் 500 மடங்கு பெரிதாகத் தெரியும் என்று எழுதியிருப்பதை நம்பாதீர்கள், அந்த அளவுக் கண்ணாடிக்கு 140 மடங்குக்கு மேல் போனால் படம் மங்கத்தான் செய்யும்.

எதை வாங்கினாலும் அதைச் சூரியனை நோக்கித் திருப்பக் கூடாது என்பதைப் பிள்ளைகளுக்கு முதல் நாளே சொல்லிவிடுங்கள். 2010 ஜனவரி 15 கங்கண சூரிய கிரகணம் நம் மாவட்டத்தின் மேல் வந்தபோது மர இலைகளின் இடைவெளி வழியாகத் தரையெல்லாம் வட்ட வட்டமாக வளையங்கள் விழுந்தன, அதைப் பார்க்க எந்தக் கருவியும் வேண்டியிருக்கவில்லை. அடுத்து 2031 மே 21-ல் கேரளம், தென் தமிழ்நாடு வழியாக இன்னொரு கங்கண கிரகணம் போகிறது. அதற்குள் அட்டையில் ஊசித்துளை போட்டு சூரியனைச் சுவரில் விழ வைக்கும் வேலையை உங்கள் ஆறாம் வகுப்பில் தொடங்கிவிடலாம். துளையைச் சதுரமாக வெட்டினால் சுவரில் விழுவது சதுரமா வட்டமா என்று முதலில் எழுத வையுங்கள். எக்ஸ்ரே ஃபிலிம், கூலிங் கிளாஸ், வெல்டிங் கடையிலிருந்து கேட்டு வாங்கிய ஏதோ ஒரு கண்ணாடி எதுவும் வேண்டாம், நேரடியாகப் பார்க்க வேண்டுமானால் ஐ.எஸ்.ஓ. 12312-2 தரச் சான்று உள்ள கிரகணக் கண்ணாடியை மட்டும், கீறல் இல்லாததாகப் பார்த்து வாங்குங்கள்.